கொடுத்த கை – 14: தண்ணீர் நோட்டு

சென்ற வாரம் கொழுந்தனுக்குத் தலையை ஆட்டிவிட்டு வந்தாளே மீட்டரம்மா, அந்தத் தலை அதற்கப்புறம் ஒரு நாள்கூட நிம்மதியாகத் தலையணையில் படியவில்லை.

எதற்கு ஆட்டினாள் என்று மறந்துபோனவர்களுக்காக ஒரு வார்த்தை. ஊரே குடிக்கிற நிலத்தடித் தண்ணீரைத்தான் ஆஸ்பத்திரி டயாலிசிஸ் வார்டும் இறைக்கிறது. சிறுநீரகம் செத்துப்போனவர்களின் ரத்தத்தைக் கழுவித் தருகிற மிஷின்களுக்குச் சுத்தமாக வடிகட்டின தண்ணீர் வேண்டும். ஆகவே தினமும் காலையில், வடிகட்டுவதற்கு முன் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பும் கசடும் கரைந்திருக்கிறது என்று கை மீட்டரில் பார்த்து, நோட்டில் எழுதிவிட்டுத்தான் மிஷினைப் போட வேண்டும். டெக்னீஷியனான அவள் வேலை அது. குட் மார்னிங் சொல்வதற்கு முன்னால் மீட்டரைப் பார்க்கிறவள் என்றுதான் நோயாளிகள் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன் அறுநூறில் ஆரம்பித்த எண் இப்போது இரண்டாயிரத்து நானூறைத் தாண்டிவிட்டது.

கிணற்றுக்கு ஒரு கிலோமீட்டர் மேலே முதலாளியின் ரசாயன ஆலை இருக்கிறது. வார்டைக் கட்டி, எட்டு மிஷினும் வாங்கிப் போட்டு, அத்தனை பேருக்கும் இலவசமாக வைத்தியம் நடத்துகிறவரும் அதே முதலாளிதான்.

ஆலைக்கு இரண்டாவது ஷெட் கட்ட விடலாமா என்று வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரிகள் ஊரைக் கூட்டிக் கேட்கப் போகிறார்கள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிற கொழுந்தன் – ஊருக்கு அவன் வாத்தியார் – அந்த நோட்டை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்கிறான். நகல் செல்லாதாம், அசல்தான் வேண்டுமாம். "கொண்டுவர்றேன் தம்பி" என்று அவளும் தலையாட்டிவிட்டாள்.

ஆட்டின பிறகுதான் நான்காம் கட்டில் ஞாபகம் வந்தது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் அந்தக் கட்டிலில் ஊசி குத்திக்கொண்டு படுப்பவர் அவளுடைய மாமனார்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. விடியும்போதே வீட்டில் சத்தம்.

"டேய், இன்னிக்கு முதலாளி வார்டுக்கு வர்றார். அங்க வந்து ஏதாச்சும் வாயைத் தொறந்தே, பிள்ளைன்னு பாக்க மாட்டேன்" என்றார் மாமனார். இருபத்திரண்டு வருஷம் அந்த ஆலையில் பாய்லர் பார்த்தவர். வேலை போயும் பேர் போகவில்லை. ஊருக்கு இன்னும் அவர் பாய்லர் ஐயாதான். இன்றைக்கு முதலாளி வருகிறார் என்று இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, ஊசி குத்த வேண்டிய கைப்பக்கம் மட்டும் முழங்கைக்கு மேலே மடித்து விட்டிருந்தார்.

"நான் எதுக்குப்பா வரப்போறேன்? எனக்கு ஸ்கூல் இருக்கு. கைதட்ட ஆள் பத்தலைன்னா சொல்லுங்க, ஏழாம் கிளாஸை அனுப்பி வைக்கிறேன்" என்றான் வாத்தியார், ரொட்டியைக் கடித்துக்கொண்டே.

"கிண்டலு! மூணு வருஷமா உங்கப்பன் மூச்சு விடறது யார் தயவுல? எத்தனை கோடீஸ்வரன் தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டுப் போறான். அவனையெல்லாம் ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்க. கொடுக்கறவனைத்தான் தேடிப்போய்க் கடிப்பீங்க."

"கொடுக்கறது தப்புன்னு யார் சொன்னா? பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டறார். ஆட்டற கையை மட்டும் போட்டோ எடுத்து மாட்டணும்னா எப்படி?"

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு படிச்சிருக்கியா?"

"படிச்சிருக்கேன். அதான் தண்ணியிலயே போட்டுட்டாரே!"

பயத்திலும் மீட்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சிரிம்மா, நீயும் சிரி" என்றார் மாமனார். "இன்னும் பத்து மிஷின் தரப்போறாராம் மனுஷன். இன்னிக்கு மேடையில சொல்லப் போறார். அதுக்காவது இவன் வாயை மூடக் கூடாதா?"

வாத்தியார் ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"பத்தா? இருக்கற எட்டுல மூணு ஷிஃப்ட் ஓடுது. இன்னும் அத்தனை பேருக்குக் கிட்னி போகும்னு அவருக்கு எப்படிப்பா முன்கூட்டியே தெரிஞ்சுது?"

வழக்கமாக ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுக்கிற மாமனார், செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது. மருமகள் அதைப் பார்த்தாள். அப்போது அதற்கு அர்த்தம் புரியவில்லை.

வாசலில் வண்டிக்காக நின்றபோது கொழுந்தன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணி, சாயங்காலம் நோட்டு வந்துடும்ல?"

"எனக்குப் பயமா இருக்கு தம்பி."

"எனக்கு மட்டும் இல்லையா? எனக்கும் அப்பாதானே அண்ணி."

"வார்டை மூடிட்டாங்கன்னா?"

"அப்படியெல்லாம் மூடிட முடியாது. ஊர் பாத்துக்கிட்டு இருக்கு."

"பாத்துக்கிட்டு இருக்கற ஊர் வந்து ஊசி போடுமா?"

 அவன் தெருவைப் பார்த்தான். "என் கோபமே அதுதான் அண்ணி. அவருக்குப் பிடிச்சா உசிரு, பிடிக்கலைன்னா இல்லை. கவர்மெண்ட் ஆஸ்பத்திரின்னா கதவைத் தட்டிக் கேப்போம். இவர்கிட்ட கையைக் கட்டிக்கிட்டு நிக்கறோம். இதுக்குப் பேரு தர்மம்னா, எனக்கு அது பிடிக்கல."

அவளுக்கும்தான் பிடிக்கவில்லை. பிடிக்காததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போன வருஷம் மிஷின் கோளாறில் மாமனாருக்கு இரண்டு முறை டயாலிசிஸ் தவறிப்போனது. மூன்றாம் நாள் கால் வீங்கி, முகம் வீங்கி, படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். அந்தச் சத்தம் இன்னும் அவள் காதில் இருந்தது. அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். அவள் வீட்டுக்காரர் லாரியோடு போய் ஒன்பது நாள் ஆகிறது. கிளம்பும்போது, "அப்பாவைப் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார். அவர் எப்போதுமே அதிகம் பேசுகிறவர் இல்லை.

வார்டு பளபளத்தது. தரையைத் துடைத்த மருந்து வாடை மூக்கைத் துளைத்தது. கட்டிலுக்கெல்லாம் புது விரிப்பு. மாமனாருக்கு எடை பார்த்து, படுக்க வைத்து, தண்ணீர் அறைக்குப் போனாள்.

குழாயில் தண்ணீரைப் பிடித்தாள். மீட்டரை முக்கினாள். 190.

உதறிவிட்டு மறுபடி முக்கினாள். மறுபடியும் 190. கை பழக்கத்துக்குப் போய்விட்டது. பேனா நோட்டில் எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டது. அதற்கப்புறம்தான் மேல் வரியைப் பார்த்தாள். நேற்று 2,410. அதற்கு முந்தின நாள் 2,405. எல்லாவற்றுக்கும் கீழே இன்றைக்கு 190. கிணறு ஒரே நாளில் ஞானம் பெற்றுவிட்டதா?

"என்னம்மா, தண்ணி எப்படி?" என்று பின்னால் வந்து நின்றார் மேனேஜர். முதலாளியின் அறக்கட்டளை வைத்த ஆள். முதலாளி வருகிற நாளில் அவருக்கு வயிறு சரியாக இருக்காது என்பது ஊரறிந்த சங்கதி. "நேத்து சாயங்காலம் தொட்டியைக் கழுவி, மேல அணையிலேருந்து ரெண்டு டாங்கர் வரவழைச்சுக் கொட்டியாச்சு. போன தடவை முதலாளி நிக்கும்போது மிஷின் அலாரம் அடிச்சு என் மானம் போச்சே! இன்னிக்கு ஒரு பீப் சத்தம் வரக் கூடாது."

அவள் நோட்டைக் காட்டினாள்.

பார்த்தார். மறுபடி பார்த்தார்.  அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. மிஷின் கத்தக் கூடாது என்று மட்டும் நினைத்தவருக்கு, நோட்டு பேசும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். அணைத் தண்ணீருக்கு 190 காட்டுகிற மீட்டர் சரியான மீட்டர்; அப்படியானால் கெட்டது கிணறுதான்.

"ஐயையோ... இதை ஏம்மா எழுதினீங்க?"

"வந்ததை எழுதினேன் சார். அதுதானே வேலை."

"மாத்துங்க. நேத்து மாதிரியே ரெண்டாயிரத்து நானூறுன்னு எழுதுங்க."

"அடிச்சா ஒரு கோடு போட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடணும். இன்னும் நல்லாத் தெரியும்."

"கிழிச்சுடுங்க!"

"பக்க நம்பர் அச்சடிச்சது சார்."

மேனேஜர் தலையில் கை வைத்தார். பிறகு நோட்டை அவள் கையில் திணித்து, "வார்டு அலமாரியில போட்டுப் பூட்டுங்க. யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றார். அவள் பூட்டினாள். சாவியைக் கோட்டுப் பையில் போட்டாள். சாவி பாரமே இல்லை, ஆனாலும் மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள்.

பத்தே காலுக்கு முதலாளி வந்தார்.

ஆரவாரம் இல்லாத மனிதர், சாதாரணச் சட்டை. வயது எழுபது இருக்கும். கட்டில் கட்டிலாக நின்று விசாரித்தார். ஐந்தாம் கட்டில் டெய்லரிடம் அவர் மகளின் பரீட்சை எப்படிப் போனது என்று கேட்டார். டெய்லருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் ஒண்ணும் பெரிசா பண்ணலைங்க. வந்ததுல கொஞ்சம் திருப்பிக் கொடுக்கறேன்" என்று அவர் சொன்னபோது அதில் நடிப்பு இருந்ததாக மீட்டரம்மாவுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"பாய்லர்! எப்படி இருக்கே?"

"உங்க புண்ணியத்துல இருக்கேன் முதலாளி." மாமனார் எழுந்திருக்கப் பார்த்தார். முதலாளி தோளைப் பிடித்து அமுக்கி, கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். போட்டோக்காரர் நாலு தடவை மின்னினார்.

அப்போதுதான் மாமனாருக்கு அன்பு பொங்கியது.

"முதலாளி, என் மருமகளைப் பத்தி நான் சொல்லணும். மூணு வருஷத்துல ஒரு நாள், ஒரே நாள், தண்ணி பாக்காம மிஷினைப் போட்டதில்ல. பாய்லர்ல நான்கூட அவ்வளவு சுத்தம் இல்ல. ஏம்மா, அந்த நோட்டை எடுத்து முதலாளிக்குக் காட்டு!"

 மேனேஜர் இருமினார். இன்னொரு தடவை இருமினார்.

"அது எங்கேயோ வெச்சுட்டேன் மாமா..."

"பூட்டின அலமாரியிலதானேம்மா! நான்தான் பாத்தேனே, காலையில வெச்சுப் பூட்டினியே" என்றார் அந்த வெள்ளந்தி மனுஷர், வார்டு முழுக்கக் கேட்கும்படி.

"காட்டுங்கம்மா. எனக்கு நம்பர் பாக்கப் பிடிக்கும்" என்றார் முதலாளி.

அலமாரியைத் திறந்தாள். நோட்டை நீட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். முந்தின பக்கத்தைத் திருப்பினார். பிறகு ஒரேயடியாக முன்னால் போய் முதல் பக்கத்தைப் பார்த்தார். மறுபடி கடைசிப் பக்கம். 

"நேத்து ரெண்டாயிரத்து நானூத்திப் பத்து. இன்னிக்கு நூத்தித் தொண்ணூறு. ஒரே கிணறுதானேம்மா?"

"அது... அந்த மீட்டர் ரொம்ப நாளாவே சரியில்லைங்க முதலாளி" என்று பாய்ந்தார் மேனேஜர்.

முதலாளி அவர் பக்கம் திரும்பவேயில்லை. கண்ணாடிக்கு மேலாக அவளையே பார்த்தார்.

"மீட்டர் தப்பாம்மா?"

சின்னக் கேள்விதான். ஆமாம் என்றால் மூன்று வருஷ நோட்டும் குப்பை. நாளைக்குக் கொழுந்தன் கையில் கொண்டுபோக ஒன்றும் இல்லை. இல்லை என்றால்? மாமனாரின் இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றில் ரத்தம் போகிறது, இன்னொன்றில் வருகிறது. வியாழக்கிழமையும் அப்படிப் போய் வர வேண்டும், சனிக்கிழமையும். 

"ஆமாங்க. மீட்டர் பழுதுதான்" என்றாள்.

"அப்ப அதையே எழுதி வெச்சுடுங்கம்மா" என்றார் மேனேஜர், உயிர் வந்தவராக.

எழுதினாள். 190-க்குப் பக்கத்தில், 'மீட்டர் பழுது'. கையெழுத்து. மூன்று வருஷத்தில் அவள் அந்த நோட்டில் எழுதிய முதல் பொய்.

முதலாளி கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். நிம்மதியா, ஏமாற்றமா, முகத்தில் எதுவும் பிடிபடவில்லை. நோட்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டு எழுந்தார். "புது மீட்டர் அனுப்பச் சொல்றேன். நல்லதாவே அனுப்பச் சொல்றேன்" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு கையில் ஊசி குத்தியிருந்தவர்கள் மறு கையால் கட்டில் கம்பியைத் தட்டினார்கள். மாமனார் மட்டும் தட்டவில்லை.

பதினொரு மணிக்கு மாமனாருக்கு நேரம் முடிந்தது. வெளியே முற்றத்தில் பத்து மிஷின் அறிவிப்பும் முடிந்து, எல்லோரும் காரைச் சுற்றி நின்றார்கள். நர்ஸ்கள் இருவரும் வழியனுப்பப் போயிருந்தார்கள். மீட்டரம்மா ஊசிகளை உருவினாள். உருவின இடம் இரண்டையும் பஞ்சு வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் ரத்தம் பீய்ச்சி அடிக்கும். இரண்டு கட்டைவிரலும் அவர் கையில். எங்கேயும் ஓட முடியாது.

"மீட்டர் நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றார் மாமனார்.

"பேசாதீங்க மாமா. ரத்தம் நிக்கட்டும்."

"எனக்காகவா பொய் சொன்னே?"

"வேற யாருக்காகச் சொல்லுவேன்?" என்றாள். அழுகை வந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை.

அவர் ஜன்னலைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"பாய்லர் ரூம்ல மீட்டரைப் பாக்காம எழுதினவன் ஒருத்தன் இருந்தான். பாய்லர் வெடிச்சு, அவனோட சேத்து மூணு பேரை அள்ளித்தான் எடுத்தோம். அதனால நான் மீட்டர்ல பொய் எழுதினதே இல்ல. ஆனா வேற ஒண்ணு பண்ணேன்."

"என்ன மாமா?"

"காலை ஷிஃப்ட்டுக்கு முன்னாடி கழிவு வால்வைத் திறந்து விடணும். பின்னாடி ஒரு பாழுங்கிணறு. பதினொரு வருஷம் திறந்தவன் நான்தான். அது எங்க போகும்னு எனக்குத் தெரியாதா? தண்ணிக்கு மேல ஏறவா தெரியும்?"

அவள் விரல் தளர்ந்தது. பஞ்சில் சிவப்பு பரவியது. சட்டென்று மறுபடி அழுத்தினாள்.

"முதலாளிக்குத் தெரியுமா?"

"வால்வுச் சாவியை என் கையில கொடுத்ததே அவர்தான். அப்புறம் எனக்கு வியாதி வந்துச்சு. நான் கேக்கல, தானா வந்தார், வார்டைக் கட்டினார். ரெண்டு பேரும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்ல. நான் ஊரெல்லாம் அவரைப் புகழ்ந்தேன். புகழ்ந்தாத்தான்மா எனக்குத் தூக்கம் வரும்."

"அவர் கெட்டவரா மாமா?"

"கெட்டவனா இருந்துட்டா எனக்கு எவ்வளவு சுலபம்! உன் மாமியார் செத்தப்போ மூணு நாள் என் பக்கத்துலயே உக்காந்திருந்த மனுஷன்மா அது. அந்த மனுஷன்தான் இதையும் பண்ணினார். நானும் பண்ணினேன்." மூச்சு வாங்கினார். "அவராவது பண்ணினதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தார். நான் என்ன கொடுத்தேன்?"

சும்மா இருந்த வலது கையை நீட்டி, அவள் கோட்டுப் பையிலிருந்து பேனாவை உருவினார். கட்டில்மேல் கிடந்த நோட்டைத் தொடைமேல் இழுத்துக்கொண்டார்.

"மாமா, என்ன பண்றீங்க? வேணாம் மாமா! வியாழக்கிழமையை நினைச்சுப் பாருங்க!"

"சத்தம் போடாதே. எழுத விடு."

'மீட்டர் பழுது' என்பதற்குக் கீழே, கோணல் மாணலாக, பெரிய பெரிய எழுத்தில் எழுதினார். தலைகீழாக இருந்தும் அவளால் படிக்க முடிந்தது. 'மீட்டர் சரி. கழிவுத் தண்ணியைப் பாழுங்கிணத்துல திறந்து விட்டது நான். பதினொரு வருசம். சாவி கொடுத்தது முதலாளி.' கீழே கையெழுத்து, தேதி.

மை காயவில்லை. வாசலில் மேனேஜர்.

"நோட்டு எங்கம்மா? முதலாளி ஆபீஸ்ல பத்திரமா வைக்கச் சொன்னார்."

"சார், சார், இன்னும் எழுதி முடிக்கல. நான் கொண்டுவந்து தர்றேன்."

"புது மீட்டர் வருது, புது நோட்டும் வரும். இதோட வேலை முடிஞ்சுது." படபடவென்று வந்தவர், என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் நோட்டை மூடி எடுத்துக்கொண்டார்.

"கொடுங்க சார்!" என்று கத்தினாள். கட்டைவிரலை எடுக்க முடியவில்லை. எடுத்தால் மாமனாரின் ரத்தம், எடுக்காவிட்டால் நோட்டு. "ஓடும்மா, நான் பிடிச்சுக்கறேன்" என்றார் மாமனார். இரண்டு ஓட்டையை ஒரு கையால் எப்படிப் பிடிப்பார்? அவள் நகரவில்லை. நகரவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மேனேஜர் ஓடினார். கார்க் கண்ணாடி இறங்கியது. நோட்டு உள்ளே போனது. கார் நகர்ந்து வாசல் கேட் வரை போய், நின்றது.

"பிரிச்சுட்டாரா?" என்றார் மாமனார். அவர் கிடந்த இடத்திலிருந்து கேட் தெரியாது.

"தெரியல மாமா. கார் நிக்குது."

ஒரு நிமிஷம். கார்க் கதவு திறந்தது. முதலாளி இறங்கினார். கூட வர ஓடிவந்த மேனேஜரைக் கையைக் காட்டி நிறுத்தினார். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெயிலில், வார்டைப் பார்த்து நடந்தார்.

"வர்றார் மாமா. தனியா வர்றார்."

"தனியாவா?" என்றார் மாமனார். காலையில் பிள்ளையைத் திட்டின வாய் அது. இப்போது கெஞ்சியது. "விரலை எடுத்துடாதேம்மா. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான் மாமா. எடுக்க மாட்டேன்."

செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டது. ஐந்தாம் கட்டில் டெய்லர் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி நடித்தார். முதலாளி உள்ளே வந்தார், கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்து நான்காம் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நோட்டை மடியில் வைத்து, இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டார்.  பேசினபோது குரல் மெத்தென்று இருந்தது.

"வியாழக்கிழமை உனக்கு ஊசி இருக்குல்ல, பாய்லர்?"

கரிசனமா, மிரட்டலா? மீட்டரம்மா அவர் முகத்தையே பார்த்தாள். இரண்டு விதமாகவும் கேட்டது. மூன்று வருஷமாக இந்த மனுஷர் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு, அது எது என்று தெரியாமலேதான் இருந்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் விரலுக்கடியில் மாமனாரின் நாடி தடதடவென்று அடித்துக்கொண்டது. அவர் முதலாளியை நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்குங்க முதலாளி. ஆனா அதுக்கு முன்னாடி நாளைக்குப் புதன்கிழமை வருது. பத்து மணிக்கு நான் அங்க இருப்பேன்."